தம்பி எழுதிக் கொடுத்த வெயில்

என் தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வருகிற பெட்டிகளுக்குக் காகிதம் தயார்செய்து, சுங்கத்தில் காட்டி, வெளியே எடுத்துக் கொடுக்கிற கம்பெனி. கறுத்த மீசையோடு போய்ச் சேர்ந்தவன், மீசை முழுக்க வெளுத்த பிறகும் அங்கேதான் இருக்கிறான். எங்கள் தெருவில் யாராவது எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட வேண்டுமென்றால் முதலில் இவனிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசித்துவிட்டு, "இந்த எடத்துலதான் ஒம்மள மாட்டுதான், பாத்தீரா" என்பான். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான். அதுவும் என் வெயிலை எழுதிக் கொடுத்து.

என் வெயில் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்காரர் போன பிறகு நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கீழே தம்பி குடும்பம், மொட்டைமாடியில் ஒரே ஒரு அறை எனக்கு. அறையைத் தாண்டிக் கிடக்கிற மாடிதான் என் பிழைப்பு. மோர் மிளகாய், மிதுக்கு வத்தல், சீனியவரக்காய் வத்தல், கூழ்வத்தல் என்று காயப்போட்டு, பாக்கெட் கட்டி, அக்கம்பக்கத்து அண்ணாச்சி கடைகளுக்குப் போடுகிறேன். சாகுபுரம் ஃபாக்டரிக் குடியிருப்பிலிருந்துகூட ஆள் வந்து வாங்கிப் போகும். மாசம் பிறந்தால் என் சாப்பாட்டுக்கென்று தம்பி பெண்டாட்டி கையில் ஒரு தொகையைக் கொடுப்பேன். "எதுக்கு மதினி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி முந்தியில் முடிந்துகொள்வாள். தங்கமான பிள்ளை. நான் கொடுக்காவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் அவள் ஒன்றும் சொல்லாமல் போடுகிற சோறு என் தொண்டையில் இறங்காது. திரும்பி வந்து பிறந்த வீட்டில் இருக்கிற பொம்பளைகளுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லி விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

மாசி மாதம் எட்டயபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மாடிப்படி ஏறி வெளியே வந்தால் மாடியைக் காணவில்லை. நீலக் கலரில் பெரிய பெரிய பேனல்கள் வரிசையாக, இரும்புக் கால்களில் சாய்ந்து நிற்கின்றன. என் அறை வாசலுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் மிச்சம். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் புறாக்கூண்டை விட்டு எட்டிப் பார்த்தார். தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தான்.

"ஏலே, என்னல இது?"

"சோலாருக்கா. இனிமே நம்ம வீட்டுக்குக் கரண்டு சூரியன்ட்டேருந்து வருது."

"அப்ப எனக்கு?"

"ஒனக்கும் அதே கரண்டுதானக்கா."

இவனை என்ன சொல்லி ஏசுவது. ஈ.பி. பில் ஏறிக்கொண்டே போகிறது, ஏ.சி. வேறு மாட்டியாகிவிட்டது, இனி சோலார்தான் என்று முடிவுசெய்திருக்கிறான். கம்பெனியே பேனலைக் கொண்டுவந்து மாட்டும், கைக்காசு வேண்டாம், மாசா மாசம் வாடகை கொடுத்தால் போதும், பத்து வருஷ ஒப்பந்தம். இதையெல்லாம் சொல்லி ஆள் பிடிக்க வந்தவர் கயத்தாற்றுக்காரர். தம்பி பெண்டாட்டிக்கும் கயத்தாறு. காப்பி ஆறுவதற்குள் அவர் இவளுக்கு மாமா முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் நீட்டுகிற தாளை அவர் முன்னாலேயே வாசிப்பது மரியாதை இல்லை. சந்தேகப்படுகிறான் என்று ஆகிவிடும். அதனால் தம்பி அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, போகும்போது ஒரு டப்பா மக்ரூனும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"அடியில எடம் கெடக்குல்லக்கா. நெழல்ல போட்டாப் பைய காயும்" என்றான்.

நிழலில் காயவைத்த மோர் மிளகாயை அவனே ஒரு நாள் கடித்துப் பார்க்கட்டும். உள்ளே ஈரம் நிற்கும், நாலே நாளில் பூசணம் பூக்கும். அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று நானே ஒரு வழி செய்தேன். பேனலுக்கு வெயில் நன்றாகப் படுகிறதல்லவா. ஒரு வேட்டியைப் பேனல் மேலேயே விரித்து, நழுவாமல் இரும்புக் கால்களில் இழுத்துக் கட்டி, மிளகாயைப் பரப்பினேன். அடுத்த பேனலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி கூழ்வத்தலும் ஊற்றினேன். பேனல் சுட்ட சூட்டில் அருமையாகக் காய்ந்தது. எனக்கு ஏக சந்தோஷம். மத்தியானம் தம்பி துறைமுகத்திலிருந்து போன் போட்டான்.

"எக்கா, பேனலு மேல என்ன கெடக்கு?"

"மொளகா."

"சென்னைலேருந்து போன் பண்ணுதாங்க. கரண்டு கொறையுதாம். எந்த பேனல்னு நம்பரோட சொல்லுதாங்க."

"அங்கன இருக்கவனுக்கு எப்பிடில தெரியும்? வாசனை போச்சா?"

தெரியத்தான் செய்கிறது. ஒவ்வொரு பேனலும் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். நான் வேட்டியை அவிழ்க்கிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் தம்பி லீவு போட்டு வந்து அவிழ்த்தான். கூழ்வத்தல் ஓரம் வழிந்து பேனலிலேயே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டக் கூடாதாம், கோடு விழுமாம். தம்பி பெண்டாட்டி துணியை நனைத்து நனைத்து வைத்து, பச்சைப் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல எடுத்தாள். நடுவில் துறைமுகப் பக்கத்துக் கரித்தூள் வேறு படிந்து, துணி கறுப்பாகிப்போனது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்குப் போகவில்லை.

பங்குனி பிறந்தது. எனக்கு வருஷச் சம்பாத்தியம் முழுக்க இனி வருகிற மூன்று மாச வெயிலில்தான். வாசலில் மிச்சமிருந்த பாய் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தேன். காய்ந்தது பாதி, காயாதது பாதி. மெயின் ரோட்டுக் கடை அண்ணாச்சி ஒரு நாள் என் பாக்கெட்டைத் திரும்ப எடுத்து வைத்தார்.

"எக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. மொளகா பதத்துப் போயிருக்கு. ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்துட்டாவ."

அவர் பேசும்போது பின்னால் அலமாரியில் நான் பாக்கெட் தொங்கவிடுகிற ஆணியைப் பார்த்தேன். அதில் வேறு யாரோ கம்பெனிக்காரனின் மோர் மிளகாய் தொங்கியது. பளபளவென்று படம் போட்ட பாக்கெட். கோபமாக இருந்தால் தாங்கிக்கொள்வேன், அது எனக்குப் பழக்கம். இது பயம். இந்த வெயில் காலம் போனால் கடைகள் போகும், கடைகள் போனால் நான் அந்த வீட்டில் வெறும் அக்கா. கொடுக்க ஒன்றும் இல்லாமல் தட்டை நீட்டுகிற அக்கா.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். "அந்தப் பேனலு இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும். எதுன்னு நீயே சொல்லு. நானா எங்கயாவது போயிருவேன்." எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

தம்பி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அவ்வளவுதான். "சரிக்கா. எடுத்துரச் சொல்லிருவோம். பழையபடி ஈ.பி. கரண்டே போதும். இடையில விட்டா அபராதம் உண்டு, ஆனா முதல் முப்பது நாளு ஃப்ரீ. நான் கணக்கு வச்சிருக்கேன், இன்னும் நாள் கெடக்கு" என்றான்.

அவன் வைத்திருந்த கணக்கைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் பெட்டி இறங்கினால் சில நாள் வாடகை கிடையாது. அந்த நாள் எப்போது ஆரம்பிக்கிறது, எந்த விடுமுறை கழியும் என்று பார்த்துப் பார்த்துக் சரக்குக்காரருக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். அதே கெட்டிக்காரத்தனத்தை வீட்டிலும் காட்டியிருக்கிறான். பேனல் மாடியில் இறங்கியதற்கு மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தான். சிவராத்திரியைக் கழித்தான். ஏதோ வேலைநிறுத்தம் நடந்த ஒரு நாளையும் கழித்தான். இப்போது தாளை எடுத்து வாசித்துப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எல்லா நாளும் சேர்த்து முப்பது என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டதோ தை மாதம். பேனல் வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே இவனுடைய ஃப்ரீ நாள்கள் தீர்ந்துபோயிருந்தன.

அபராதம் எவ்வளவு என்று வாசித்தான். தம்பி பெண்டாட்டி எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள்.

அந்தக் காசு அவனிடம் இல்லை, என்னிடமும் இல்லை. ஏதாவது சலுகை கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டோம். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தம்பிக்கு அதில் விருப்பம் இல்லை. ஏன் என்று உடனே தெரிந்தது. எடுத்த பெண் நம்பரை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் அப்பா பெயரைச் சொல்லி, "அவர்கிட்ட குடுங்க சார்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி சுவரைப் பார்த்தான்.

"அப்பா வெளிய போயிருக்காங்க" என்றான்.

"எப்ப சார் வருவாங்க?"

"அது சொல்ல முடியாதுங்க."

"ஊர்லதான் இருக்காங்களா?"

"ஊர்லதான். கடற்கரைப் பக்கம் இருக்காங்க."

எங்கள் மயானம் அந்தப் பக்கம்தான். அதில் பொய் இல்லை. அப்பாவை அங்கே கொண்டுபோய் வைத்துப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் எதுவும் செய்ய முடியும், பெரியவரால் போனில் பேச முடியாது என்றால் எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டாள்.

போனை வைத்ததும் கேட்டேன். "அப்பா கையெழுத்த நீ போட்டியால?"

"அவருதான்க்கா போடச் சொன்னாரு."

"யாரு, அப்பாவா?"

"கயத்தாத்துக்காரரு."

விஷயம் இதுதான். எங்கள் ஈ.பி. கார்டு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். செத்தவர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கரண்டு பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் சான்றிதழ், இந்தச் சான்றிதழ், கூடப்பிறந்தவர்கள் கையெழுத்து என்று அலைய வேண்டும், அதற்கு யாருக்கு நேரம். சோலார் ஒப்பந்தமோ கார்டில் இருக்கிற பெயரில்தான் போட முடியும். சொந்தக்காரர் ஆயிற்றே, உதவி செய்திருக்கிறார். "அப்பா பேரையே எழுதி ஒரு கையெழுத்தப் போட்டு விடுங்க மாப்ள, எல்லாரும் அப்பிடித்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

வருகிற ஆளைச் சமாளிக்கத் தம்பி ஒரு யோசனை சொன்னான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அவனுக்கு வேண்டியவர், அப்பா வயசுதான். அவரைக் கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் போதுமாம். இருமினால்கூடப் போதுமாம், பேச வேண்டாமாம்.

"எலே சவமே" என்றேன். "அப்பாவுக்கு ஒரு தடவ தல முழுவியாச்சு. அந்தக் கிழவரு வந்து ரெண்டு வடையத் தின்னுட்டு இருமிட்டுப் போவாரு, நான் அவர அப்பான்னு கூப்பிடணுமா? அந்த ஆளு வரட்டும். நான் பேசிக்கிடுதேன்." தம்பி பெண்டாட்டியும், "மதினியே பேசட்டும்" என்றாள். இரண்டு பொம்பளை ஒரு பக்கம் நின்றால் எங்கள் வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வந்தவர் திருநெல்வேலிக் கிளையில் வேலை பார்க்கிறவர். நடுவயது, சட்டை நனைய வேர்த்திருந்தது. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, "பெரியவர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க, உள்ள வாங்க" என்று முன்னறைக்குக் கூட்டிப்போய் அப்பா படத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக் மாலை, கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு. "இவுகதான். பல்பு ஒங்க கரண்டுலதான் எரியுது" என்றேன்.

அவர் கைகூப்பினார். நல்ல மனுஷன். கையில் இருந்த டேப்லெட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. கஸ்டமர் தவறிட்டா அபராதமே கெடையாது. வாரிசுங்க எழுதிக் குடுத்தாப் போதும், ஒப்பந்தம் முடிஞ்சிரும்" என்றார். தம்பி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இறப்புச் சான்றிதழ் மட்டும் காட்டுங்க" என்று அவர் சொன்னதும் அது அணைந்தது.

நான் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் அதைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கு இவரு…"

"இல்ல" என்றேன்.

"எங்க ஆளு நேர்ல பாத்து வெவரமாப் பேசினதா எழுதியிருக்காரே."

"பேசியிருப்பாரு. எங்கப்பா பொறுமையாக் கேட்டுக்கிடுவாவ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. பொய்க் கையெழுத்து என்று நாங்கள் மாட்டினால், போடச் சொல்லிக் கொடுத்த அவர்கள் ஆளும் சேர்ந்துதான் மாட்டுவான். தம்பி பெண்டாட்டி கொண்டுவந்த காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு, "சரிம்மா. கஸ்டமர் உயிரோட இல்லைன்னு எழுதிக்கிடுதேன். அதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பேனலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரும்புக் கால்கள் நின்ற இடத்தில் சிமெண்ட் புதிதாகப் பூசிக் கொடுத்தார்கள். அன்றைக்கே மாடி முழுக்கப் பாய் விரித்து மிளகாயைப் போட்டேன். ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. சோலாருக்கு மாட்டிய மீட்டரை எடுத்துப் பழைய மீட்டரை வைக்க வேண்டும். அப்பா இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டதால், அதற்கு விண்ணப்பம் போட, இணைப்பு உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டும். எங்கள் அப்பா ஈ.பி. ஆபீஸிலும் சாக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆட்டோவில் போகும்போது தம்பி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான், காதில் விழவில்லை. இத்தனை நாள் எல்லாம் அப்பா பெயரில் கிடந்தது. செத்துப்போன மனுஷன் வீட்டில் தம்பியும் பிள்ளை, நானும் பிள்ளை. இப்போது கார்டில் தம்பி பெயர் ஏறும். நாளைக்கு வீட்டுத் தீர்வை, நாளைக்கழித்துப் பத்திரம். கூடப்பிறந்த பொம்பளைகள் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் எங்களில் வழக்கம். எங்கள் அத்தைகள் போட்டார்கள், என் சேக்காளிகள் போட்டார்கள், ஒருத்தியும் தாளை வாசித்ததில்லை. வெயிலை வாங்கப் போய் வீட்டைக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன் என்று நினைத்தேன். கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. ஊரையே ஏசுகிற வாய், இதற்கு மட்டும் வராது.

ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர் எல்லாத் தாளையும் அடுக்கி வைத்துவிட்டு, "யாரு பேருக்கு மாத்தணும்? மத்தவங்க ஆட்சேபனை இல்லைன்னு போடணும்" என்றார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"அக்கா பேருக்கு" என்றான் தம்பி.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க மகன்தான?"

"ஆமா. ஆட்சேபனை இல்லைன்னு நான் போடுதேன்."

"ஏலே, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சொந்தக்காரன்னு சொல்லிக்கிட்டு நாளைக்கு இன்னொருத்தன் தாளத் தூக்கிட்டு வருவாம்க்கா. நான் போட்டுக் குடுத்துருவேன், எனக்கே தெரியும். ஒம்பேருல இருந்தா, ஒங்கிட்ட கேக்காம எவனும் மாடியேற முடியாதுல்லா. நானுந்தான்."

அந்த அம்மா தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குக் கோடு தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அது என் மூக்கின் மேல்தான் இருந்தது. தம்பி, எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினான்.